அமுதசுரபியும் பிடி அரிசியும்

மணிமேகலையில் ஆபுத்திரன் வரலாற்றைப் பாடம் நடத்தும்போதெல்லாம் ஓரிடத்தில் சற்று நின்று செல்வது என் வழக்கம். சொந்த ஊரால் விலக்கப்பட்ட அந்த இளைஞன் மதுரைக்கு வந்து, சிந்தாதேவி கோயிலின் அம்பலத்தில் தங்குகிறான். கையில் ஓடேந்தி வீதிகளில் இரக்கிறான். இரந்து பெற்ற சோற்றை உடனே உண்பதில்லை. கண் தெரியாதவர், காது கேளாதவர், கால் முடப்பட்டவர், பேணுவார் இல்லாதவர், நோயில் நடுங்குபவர் என எல்லோரையும் கூவியழைத்து ஊட்டுகிறான். எஞ்சியதைத் தான் உண்டு, அந்த ஓட்டையே தலைக்கு வைத்து உறங்குகிறான். உடற்குறை உடையோருக்குச் செய்யும் அறம் பற்றித் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய சித்திரங்களுள் இது ஒன்று.

சில ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியை நடத்தி முடித்த நாளில் ஒரு மாணவி எழுந்து, "அந்தப் பட்டியல்ல கை வெந்தவங்க இல்லையே, ஐயா?" என்று கேட்டாள். சிவகாசிக்கு அருகே ஒரு சிற்றூரிலிருந்து பேருந்தில் வருபவள்; தாய் பட்டாசு ஆலைத் தொழிலாளி. அந்தக் காலத்தில் வெடிமருந்து கிடையாது என்று ஒரு விடையைச் சொல்லி வைத்தேன். வகுப்பு சிரித்தது, அவள் சிரிக்கவில்லை. அவள் கேட்டது காப்பியத்தைப் பற்றி அன்று என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. இக்கட்டுரை அந்தக் கேள்விக்குக் காலந்தாழ்ந்து எழுதும் விடை.

ஒவ்வோர் அறத்துக்குப் பின்னும் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் இடம்பெறுவோர் யார், அதை எழுதுவோர் யார் என்பவற்றைப் பொறுத்தே அந்த அறத்தின் தன்மை அமைகிறது. புறநானூற்று 28ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனாரும் குருடு, கூன், குறள், ஊமை, செவிடு என்று எட்டு வகையினரைப் பட்டியலிடுகிறார். ஆனால் அங்கே அவை பயனற்ற பிறப்புகளாகவே எண்ணப்படுகின்றன. அதே மக்களை ஆபுத்திரன் முதற்பந்தியில் உட்கார வைக்கிறான். இந்த இரு பட்டியல்களுக்கும் இடைப்பட்ட தொலைவே தமிழ் அறவரலாற்றின் ஒரு பெரும் பயணம் எனலாம். அந்தப் பயணம் விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரக் கரிசல் காட்டை எட்டியபோது என்ன ஆயிற்று என்பதே இங்கு நம் கேள்வி.

அறத்துக்குப் பஞ்சமான மண் அன்று இது. மழைக்குப் பஞ்சமான மண். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய தாது வருடப் பஞ்சத்தின் நினைவு இப்பகுதிப் பேச்சுவழக்கில் நெடுங்காலம் தங்கியிருந்தது. வானம் பார்த்த இப்பூமியில் வேளாண்மையைவிட வணிகமே நம்பத்தக்கதாக இருந்தது. வண்டிகளில் சரக்கேற்றிச் சென்ற நாடார் வணிகர்கள் வழிப்பறிக்கு அஞ்சி, வண்டிகளை அவிழ்த்துப்போட்டுத் தங்குவதற்கு மதில் சூழ்ந்த பேட்டைகளை அமைத்தனர். அங்கே வந்திறங்கும் சரக்கின்மீது ஒரு சிறு தொகை பொதுநிதிக்கு எடுத்துவைக்கப்பட்டது. அதுவே மகமை. அதை நிர்வகித்த அமைப்பு உறவின்முறை. ஆய்வாளர் இராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியிட்ட நாடார் சமூக வரலாற்று நூலில், இச்சமூகத்தின் எழுச்சிக்கு அடித்தளமாக அமைந்தவற்றுள் மகமையை முதன்மையாகக் காட்டுகிறார்.

விருதுபட்டி என்று அன்று வழங்கிய விருதுநகரில் 1889இல் சத்திரிய வித்தியாசாலை தொடங்கப்பட்டது. அதைத் தாங்கியவற்றுள் ஒன்று பிடி அரிசித் திட்டம். ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைப்பர். சேர்ந்த அரிசி வீடுவீடாகத் திரட்டப்பட்டுப் பள்ளிக்கு நிதியாகும். பின்னாளில் தமிழகத்தின் முதலமைச்சராகி ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் சோறிட்ட காமராசர், சிறுவயதில் படித்தது இந்தப் பள்ளியில்தான்.

பிடி அரிசியின் இயல்பை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். அமுதசுரபி ஒருவர் கையில் இருப்பது. வைத்திருப்பவர் பெருங்கருணையாளராக இருக்கும்வரை அது சுரக்கும். காப்பியத்திலேயே ஆபுத்திரனிடம் வந்த அமுதசுரபிக்கு நேர்ந்ததைப் பாருங்கள்: மழை பெய்து நாடு செழிக்கிறது, உண்ண வருவார் இல்லை, அவன் கலமேறிப் போகிறான், தனித்தீவில் விடப்படுகிறான், பாத்திரம் பொய்கையில் மறைகிறது. பிடி அரிசிக்கு அந்த முடிவு இல்லை. அதில் வள்ளல் என்று தனியே எவரும் இல்லை. கொடுத்த வீட்டுப் பிள்ளையும் கொடுக்க இயலாத வீட்டுப் பிள்ளையும் ஒரே திண்ணையில் படித்தனர். அதை ஈகை என்பதைவிட முறை என்பதே பொருந்தும். உறவின்முறை என்ற சொல்லிலேயே முறை இருக்கிறது. பின்னாளில் இவ்வட்டாரத்தில் எழுந்த கல்லூரிகள் பலவற்றுக்கும் அதே முறையே உரமாயிற்று. 1947இல் விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரி எழுந்ததையும் இந்தத் தொடர்ச்சியில் வைத்துக் காணலாம்.

1923ஆம் ஆண்டு இக்கதையில் ஒரு முச்சந்தி. அந்த ஆண்டில் விருதுபட்டி விருதுநகரானது. முந்தைய ஆண்டு கல்கத்தா சென்று பூர்ண சந்திர ராய் என்பவரிடம் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தொழிலைத் தொடங்கியதும் அந்த ஆண்டில்தான். வறண்ட காற்றும் வேலையற்ற கைகளும் தீப்பெட்டிக்கு ஏற்ற முதலீடுகளாயின. பஞ்சம் பார்த்த மண் தொழில் பார்க்கத் தொடங்கியது. 1940ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் உரிமமுறையை வகுக்க, போர்க்காலத்தில் அயல்நாட்டுப் பட்டாசு வரத்துக் குறைய, தீப்பெட்டியின் அருகே பட்டாசும் வளர்ந்தது. 'குட்டி ஜப்பான்' என்ற பெயர் வந்தது. இந்தியா வெடிக்கும் பட்டாசின் பெரும்பகுதி இவ்வட்டாரத்தில் உருவாகும் நிலையும் வந்தது.

மூன்றாவதாக, தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் நிறைவேறியதும் அதே 1923இல்தான். வேலையின்போது உறுப்பிழந்தவருக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்ற கோட்பாடு அச்சட்டத்தோடு இந்தியாவுக்கு வந்தது. அதன் முதல் அட்டவணையைப் படித்துப் பார்த்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். பிற்காலத் திருத்தங்களுக்குப்பின் அமைந்த கணக்கு இது: கட்டைவிரல் போனால் உழைத்து ஈட்டும் திறனில் 30 விழுக்காடு இழப்பு. சுட்டுவிரல் முழுதும் போனால் 14, நடுவிரல் 12, மோதிரவிரலோ சுண்டுவிரலோ ஆயின் 7. ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50. மற்றொரு கண் நலமாயிருக்க ஒரு கண் போனால் 40. இரு கைகளும் போனால் 100. முகம் மிகக் கடுமையாகச் சிதைந்தாலும் 100.

இந்த விரல் கணக்கு கொடூரமாகத் தோன்றலாம். ஆயினும் அதில் ஒரு பெரும் நன்மை இருக்கிறது: அது கருணையைக் கேட்கவில்லை, கணக்கைக் கேட்கிறது. பிச்சை என்பது உரிமையாக மாறுமிடம் இதுவே. அப்படியிருந்தும் பட்டாசு வட்டாரத்தின் கை அந்தக் கணக்கிலிருந்து நழுவியது எப்படி?

முதற்காரணம் காயத்தின் இயல்பு. இவ்வட்டாரத்தில் பட்டாசுக் கலவையை மருந்து என்பார்கள். மருந்து கலப்பது, மருந்து செலுத்துவது, மருந்து உலர்த்துவது என்றே பேச்சு. உயிர் காக்கும் பொருளுக்கும் உயிர் குடிக்கும் பொருளுக்கும் ஒரே சொல். வெடியுப்பும் கந்தகமும் அலுமினியத் தூளும் கலந்த அந்த மருந்து உராய்விலோ, ஈரம் பட்டுச் சூடேறியோ பற்றிக்கொள்ளும்போது விரலை எப்போதும் துண்டித்துவிடுவதில்லை, தோலைத்தான் தின்கிறது. புண் ஆறும்போது தழும்பு சுருங்கும். தொடக்க வாரங்களிலேயே தாங்குகட்டையும் இடைவிடாத பயிற்சியும் இல்லாவிட்டால், சுருங்கும் தழும்பு விரல்களை உள்ளங்கையோடு இழுத்து மடக்கிவிடும். ஐந்து விரல்களும் இருக்கும், ஒன்றும் நிமிராது. அட்டவணை பெரும்பாலும் இழந்த உறுப்பைப் பேசுகிறது. இருந்தும் இயங்காத விரலுக்கு மருத்துவர் மதிப்பீடு செய்து விழுக்காடு எழுத வேண்டும். கிராமத்துத் தொழிலாளிக்கு அந்தச் சான்றிதழே ஒரு நெடும்பயணம்.

இரண்டாம் காரணம், முதலாளி யார் என்ற கேள்வி. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும்; அறைகள் உள்குத்தகைக்கு விடப்பட்டிருக்கும்; கூலி தருபவர் மூன்றாமவராக இருப்பார். பதிவேட்டில் தொழிலாளியின் பெயரே இராது. ஓர் அறையில் நால்வருக்கு மேல் இருக்கலாகாது என்ற விதி மீறப்பட்டிருந்தால், ஐந்தாமவர் அங்கு இருந்ததையே எவரும் ஒப்பமாட்டார். சட்டத்தின் அட்டவணையில் இடம்பெற முதலில் ஆலையின் பதிவேட்டில் இடம்பெற வேண்டும்.

நீதிமன்றம் இதைக் கவனிக்காமல் இல்லை. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளரைப் பற்றி வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1990 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு தொழிலாளியையும் 50,000 ரூபாய்க்குக் கட்டாயம் காப்பீடு செய்ய வேண்டும் என்றது. 1996 டிசம்பர் 10 அன்று வந்த தீர்ப்பு, தடையை மீறி வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நலநிதிக்குச் செலுத்த வேண்டும் என்றது. இத்தீர்ப்புகளும் அவற்றையொட்டிய போராட்டங்களும் குழந்தைகளை ஆலையிலிருந்து பள்ளிக்கு மீட்டதில் பெரும்பங்கு வகித்தன. ஆனால் காயத்தோடு வீடு திரும்பும் வளர்ந்தவர்கள் செய்தியின் ஓரத்திலேயே நின்றனர். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிபட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இறந்தோரின் எண்ணிக்கை நாளிதழ்களில் நிலைத்துவிட்டது. 'மேலும் பலர் காயம்' என்ற மூன்று சொற்களுக்குள் அடங்கியவர்கள் மதுரை அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவிலிருந்து என்று திரும்பினார்கள், எப்படித் திரும்பினார்கள் என்பதை எவரும் தொடர்ந்து எழுதவில்லை.

மூன்றாம் காரணத்தை நான் மிகுந்த தயக்கத்தோடு எழுதுகிறேன். பள்ளி எழுப்பிய மகமை இந்தக் கைகளை ஏன் தன் கணக்கில் சேர்க்கவில்லை? மகமை வணிகர்களின் நிதி. சரக்கை விற்றவர் செலுத்தினார், செலுத்தியவர் உறுப்பினரானார். சுற்றுக் கிராமங்களிலிருந்து விடியலில் வண்டியேறி வந்து மருந்து செலுத்திய பல சாதித் தொழிலாளி சரக்கை விற்பவர் அல்லர், சரக்கைச் செய்பவர். அவர் பிள்ளைக்கு அந்தப் பள்ளி திறந்திருக்கலாம். அவர் பெயருக்கு அந்தப் பேரேடு திறந்திருக்கவில்லை. தனிப்பட்ட முதலாளிகள் பலர் மருத்துவச் செலவுக்கும் திருமணச் செலவுக்கும் உதவியதை இவ்வூர்க்காரர்கள் நன்றியோடு சொல்வதுண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது அமுதசுரபியின் வழி. பிடி அரிசியின் வழி அன்று.

உடற்குறை உடையோருக்கென்று நிறுவனமாக வந்த முதல் உதவிகள் இந்தத் தெற்குச் சீமைக்கு வெளியிலிருந்தே வந்தன. பாளையங்கோட்டையில் 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்ற ஒரு சிறுவனுக்குக் கற்பிக்கத் தொடங்கியது பள்ளியாக வளர்ந்தது. அந்தப் பத்தாண்டுக்குள் புளோரன்ஸ் சுவெய்ன்சன் அம்மையார் அதே ஊரில் காதுகேளாதோர் பள்ளியைத் தொடங்கினார். அந்தப் பிள்ளைகளாலும் கற்க முடியும் என்று காட்டியதே அப்பள்ளிகளின் பெருங்கொடை.

அடுத்த திருப்பம் மருத்துவரிடமிருந்து வந்தது; அதுவும் தாமே உடற்குறை உற்ற மருத்துவர்களிடமிருந்து. வேலூரில் 1940களின் பிற்பகுதியில் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை மூலம் நிமிர்த்தும் முறையை வளர்த்தெடுத்தார். மருத்துவர் மேரி வர்கீசு 1954இல் நேர்ந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். பின்னர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே பிறர் கைகளுக்கு அறுவை செய்தார். 1966இல் வேலூரில் எழுந்த மறுவாழ்வு நிலையத்துக்கு அவரே மூலவர். கரிசல் மண்ணின் வடமலாபுரத்தில் 1918இல் பிறந்த மருத்துவர் கோ. வெங்கடசாமியின் விரல்கள் முடக்குவாதத்தால் கோணிப்போயின. அந்த விரல்களுக்கு ஏற்பக் கருவிகளைப் பிடிக்கப் பழகிக்கொண்டு கண் அறுவை செய்தார். ஓய்வு பெற்றபின் 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கியதே அரவிந்த் கண் மருத்துவமனை. அதன் கிராம முகாம்களுக்கு உள்ளூர் வணிகர்களும் சங்கங்களும் மனமுவந்து செலவு செய்தனர். கண்புரைக்கு ஓர் அறுவை போதும். சில நாளில் பார்வை திரும்பும். கொடுத்தவர் தம் கொடையின் பயனைக் கண்முன் காண்பார். மடங்கிய கைக்கு மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். அங்கே திறப்பு விழாவும் இல்லை, நிறைவு விழாவும் இல்லை. அதனால்தான் கண்ணுக்குக் கிடைத்த முகாம் கைக்குக் கிடைக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த நீண்ட வேலையை ஊருக்குள் கொண்டுசென்ற கதை நம் மாவட்டத்துக்குத் தெற்கே, தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் நிகழ்ந்தது. அவ்வூர் எஸ். இராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975இல் கடற்படைத் தேர்வுக்கான உடற்சோதனையில் விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். தமக்குச் சிகிச்சை அளித்த விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரால் 1981இல், ஐக்கிய நாடுகள் அவை உடற்குறையுற்றோர் ஆண்டாக அறிவித்த ஆண்டில், அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச்சிதைவு நோயுடைய பட்டயக் கணக்காளர் எஸ். சங்கரராமன் 1992இல் அவரோடு இணைந்தார். பயனாளியை நிலையத்துக்கு வரவழைப்பதோடு நில்லாமல், பயிற்சியாளர் கிராமத்துக்குச் செல்வதும், உடற்குறை உடையோரே ஊர்தோறும் சங்கமாகக் கூடுவதும் இவர்கள் வழி. 2020இல் இராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. விருதைவிடப் பெரிது, கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே பட்டியலுக்குள் வந்ததுதான். மேரி வர்கீசு, வெங்கடசாமி, இராமகிருஷ்ணன் மூவரிடமும் அதையே காண்கிறோம்.

அரசும் தன் பட்டியலை விரித்துக்கொண்டே வந்திருக்கிறது. காமராசர் ஆட்சியில் 1962இல் முதியோர் ஓய்வூதியம் வந்தது. 1974இல் ஆதரவற்ற உடற்குறையுற்றோருக்கும் ஓய்வூதியம் வந்தது. அது 2023 சனவரியில் 1,500 ரூபாயாக உயர்ந்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை ஏற்றது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் இருபத்தொன்றை ஏற்றது. அந்த இருபத்தொன்றில் அமிலவீச்சால் சிதைந்தோர் தனிவகையாக இடம்பெற்றனர். மிக நியாயமான சேர்க்கை அது. ஆனால் தீயால் சிதைந்தோர் என்று தனிவகை இல்லை. கை மடங்கி இயக்கம் குன்றியிருந்தால் இயக்கக் குறைபாட்டின்கீழ் சான்று கேட்கலாம். முகம் மட்டும் வெந்தவருக்கு, 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணை 100 விழுக்காடு எழுதிய அவருக்கு, 2016ஆம் ஆண்டுப் பட்டியலில் தனிப்பெயர் இல்லை. என் மாணவி கேட்ட கேள்வி ஆபுத்திரனைத் தாண்டி நம் காலத்துக்கும் செல்லும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

2024 நவம்பரில், பட்டாசு விபத்தில் இறந்த தொழிலாளரின் பிள்ளைகளுடைய உயர்கல்விச் செலவை ஏற்கும் திட்டத்தை அரசு விருதுநகரில் அறிவித்தது. பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளருக்கென நலவாரியமும் உருவாகியிருக்கிறது. வரவேற்க வேண்டியவையே. இவற்றோடு இம்மண்ணுக்கே உரிய ஒரு வழியையும் எண்ணிப் பார்க்கலாம். பீடித் தொழிலில் 1976ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி, சுற்றப்படும் பீடிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பச் சிறு தீர்வை தொழிலாளர் நலநிதிக்குச் சென்றுகொண்டிருந்தது. சரக்கு சேவை வரி வந்த 2017இல் அது நீக்கப்பட்டது. அது சட்டம் வகுத்த மகமை. பட்டாசுப் பெட்டி ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒரு மகமை இருந்தால், அந்தப் பேரேட்டில் செய்பவரும் விற்பவரும் ஒருங்கே உறுப்பினராக இருந்தால், அதிலிருந்து கிராமத்துக்குப் பயிற்சியாளர் வந்து மடங்கிய விரல்களை நாள்தோறும் நிமிர்த்தினால், அது எவருடைய கருணையும் ஆகாது. பட்டாசு வாங்கும் நாமும் அதில் ஒரு பிடி போட்டவர்கள் ஆவோம்.

அந்த மாணவி இப்போது ஓர் ஊராட்சிப் பள்ளியில் ஆசிரியை. அவள் தாயின் வலக்கையில் மூன்று விரல்கள் நிமிர்வதில்லை என்பதைப் பட்டம் பெற்று விடைபெற வந்த நாளில்தான் சொன்னாள். இடக்கையால் பெட்டி ஒட்டிப் படிக்க வைத்தாராம். மகமைப் பேரேடு எதிலும் வராத பிடி அரிசி அது. அடுத்த முறை ஆபுத்திரன் கதையை நடத்தும்போது அந்தப் பட்டியலை வாசித்துவிட்டு, இதில் விடுபட்டவர் யார் என்ற கேள்வியை நானே வகுப்பில் கேட்பதாக இருக்கிறேன்.